ஆறாம் மேசையில் ஐந்து பேர்

பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள். ஜோதிகா பத்து நாள் பிந்திவிட்டாள். கடைசி ரவுண்டு கவுன்சிலிங்கில் சீட்டு கிடைத்து, முசரவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து, காஞ்சிபுரத்துக்கு வெளியே இருக்கிற அந்தக் கல்லூரியின் ஆர்க்கிடெக்சர் வகுப்பில் அவள் நுழைந்தபோது, ஏற்கெனவே நாற்பது பேர் இருந்தார்கள். கட்டிடத்தின் நடு முற்றத்தில் பத்துக் கல்மேசைகள். ஒவ்வொன்றையும் சுற்றி நாலு கல் இருக்கை, அசைக்க முடியாதபடி சிமெண்டு வைத்துப் பூசியது. அந்தப் பத்து நாளில் எல்லோரும் நாலு நாலாகச் சேர்ந்துவிட்டார்கள்.

அவளை யாரும் வெறுக்கவில்லை. வெறுத்திருந்தாலாவது சண்டை போட்டு ஒரு இடம் பிடித்திருப்பாள். இடம் இல்லை, அவ்வளவுதான். மதியத்தில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டாள். "கூட சாப்புடற புள்ளைங்களுக்கும் குடும்மா" என்று அம்மா சம்பூர்ணம் தினமும் எலுமிச்சைச் சோற்றைக் கூடுதலாக வைத்தனுப்பினாள். மிச்சம் கொண்டுபோனால் கேள்வி வரும். அத்தனையையும் அவளே தின்றாள்.

இரண்டாம் மாதம் குமரகுரு சார் மூன்றாம் வருடத்துக் கீர்த்தியை வகுப்புக்கு அழைத்து வந்தார். மதிய நேரத்தில் முற்றத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று மூன்று நாள் மாடி வராந்தாவிலிருந்து பார்த்து, ஆளுக்கொரு புள்ளி வைத்து அவள் படம் வரையப்போகிறாளாம். படம் வருஷம் முழுக்க இந்த வகுப்புச் சுவரில் இருக்குமாம். கீர்த்தி பாவு நூல் எண்ணி வளர்ந்த நெசவு வீட்டுப் பெண். அவள் எண்ணிக்கை தப்பாது என்று சார் பெருமையாகச் சொன்னார்.

மாடிப்படிக்குக் கீழே ஒற்றைப் புள்ளி, அதுவும் வருஷம் முழுக்க. மறுநாள் ஜோதிகா ஆறாம் மேசையை ஒட்டியிருந்த செடித்தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். அந்த மேசை சங்கீதாவும் அவள் தோழிகள் மூன்று பேரும் உட்காருவது. அவர்கள் சிரித்தபோது இவளும் கொஞ்சம் சிரித்து வைத்தாள். மேலேயிருந்து பார்த்தால் ஒரே கூட்டம். மூன்றாம் நாள் சங்கீதா ஊறுகாய் பாட்டிலை இவள் பக்கமாக நகர்த்தினாள். மேசையில் இடம் பண்ணத்தான் நகர்த்தினாள். ஆனாலும் ஜோதிகாவுக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கீர்த்தி படத்தை விரித்தாள். சார் குனிந்து பார்த்தார்.

"நாலு பேருக்குன்னு கட்டின மேசை. ஆறாவதுல பாருங்க, அஞ்சு புள்ளி. மனுஷங்க இப்படித்தான்பா, கட்டினவன் பேச்சைக் கேக்கமாட்டாங்க. யாரு அந்த அஞ்சாவது ஆள்?"

சங்கீதா தோழிகளைப் பார்த்தாள். "நாங்க நாலு பேர்தான் சார்."

"மூணு நாளும் பார்த்தேன்மா," என்றாள் கீர்த்தி. "அஞ்சு பேரு சிரிச்சுக்கினு இருந்தீங்க."

"இல்லக்கா, எங்க கூட யாரும் ஒக்காரலியே."

அதில் பொய்யும் இல்லை, ஏளனமும் இல்லை. நன்றாக யோசித்துப் பார்த்துத்தான் சொன்னாள்.

நான்தான் என்று சொல்ல ஜோதிகா வாயெடுத்தாள். சொன்னால், நீ எப்போது எங்களோடு உட்கார்ந்தாய் என்று சங்கீதா கேட்பாள்.

"அப்ப நான்தான் தப்பா எண்ணிட்டேன் போலக்குது," என்றாள் கீர்த்தி. பென்சிலில் வைத்த புள்ளிதான். முன்வரிசைப் பக்கம் கையை நீட்டினாள். "யார்கிட்டயாவது ரப்பர் இருக்குதாம்மா?"

முன்வரிசையில் ஜோதிகா இருந்தாள். டப்பாவைத் திறந்து ரப்பரை எடுத்துக் கொடுத்தாள்.