ஒரே தொட்டி

அயனம்பாக்கத்தில், தகரக் கூரை போட்ட சபைக்குப் பின்பக்கம் ஞானஸ்நானத் தொட்டி கட்டியிருந்தார்கள். ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் கன்னியம்மா வெள்ளைப் புடவையில் அதன் படியருகே வரிசையில் நின்றாள். மகன் கிஷோர் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்க ஆரம்பித்ததே இங்கே வந்துதான். சாவு கடைசி இல்லை, கிறிஸ்து அதை ஜெயித்துவிட்டார் என்று பாஸ்டர் ஜஸ்டின் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மறுபடியும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய், தைத்த துணிகளில் நூல் பிசிறு வெட்ட உட்கார்ந்தாள். புருஷன் வேம்புலி சபைக்குள் வந்ததில்லை. அவளைத் தடுத்ததும் இல்லை. இன்றைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

தொட்டிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த பாஸ்டர் பெயரைக் கூப்பிட்டார். "தமிழரசு."

அவளுக்கு முன்னால் நின்ற ஆள் படியேறும்போது திரும்பினான். கன்னியம்மாவுக்கு அவனைத் தெரிந்தது. தலை நரைத்து, உடம்பு பாதியாகியிருந்தது. ஆனால் கோர்ட்டில் கூண்டுக்குள் பார்த்த அதே முகம். ஆவடி ரோட்டில் கிஷோரை இடித்துப் போட்டுவிட்டு, வண்டியை நிறுத்தாமல் போன டிரைவர்.

அவனும் அவளைப் பார்த்துவிட்டான். படியைவிட்டு இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நீங்க இங்க வர்றது எனக்குத் தெரியாதும்மா. நீங்க ஞானஸ்நானம் எடுங்க. நா போயிடறேன்."

பாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயிலுக்குப் போய் வந்தவன் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். செத்தது யார் பிள்ளை என்று அவர் கேட்டதில்லை. கன்னியம்மா சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. யாரும் போக வேண்டாம், ஞானஸ்நானத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"அவன் எறங்கட்டும். நா பாக்கணும்" என்றாள் அவள்.

தண்ணீருக்குள் போவது கிறிஸ்துவோடு செத்து அடக்கமாவது, மேலே வருவது அவரோடு உயிர்த்தெழுவது என்று பெண்களைத் தனியாக உட்காரவைத்து வாரக்கணக்காகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தமிழரசின் தலை தண்ணீருக்குள் மறைந்தபோது அவளுக்கு அதெல்லாம் ஞாபகம் வரவில்லை. மேல வராத, அங்கேயே கெட என்றுதான் மனசு சொன்னது. அவன் இருமிக்கொண்டு மேலே வந்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டிப் பாடினார்கள். கன்னியம்மா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவனைப் பார்த்ததைவிடத் தனக்குள்ளிருந்து வந்த அந்த நினைப்புதான் அவளை உலுக்கிப்போட்டது.

பாஸ்டர் கையை நீட்டினார். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"அவன் மேல வரக்கூடாதுன்னு நெனச்சேன் பாஸ்டர். இப்பவும் அதான் நெனைக்கிறேன். நா எப்டி எறங்குவேன்?"

பாஸ்டர் நீட்டிய கையை மடக்கவில்லை. "அதோடயே வாங்கம்மா. அத வெளிய வெச்சுட்டுத்தான் வரணும்னா இந்தத் தண்ணில யாருமே எறங்க முடியாது."

அவள் இறங்கினாள். காது அடைத்தது, ஒரு கணம் ஒன்றுமே இல்லை, பிறகு காற்று. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். நடுக்கம்தான் வந்தது.

ஈரத் தலையோடு வாசலுக்கு வந்தவளிடம் வேம்புலி என்னவென்று கேட்டான். சொன்னாள். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தமிழரசைத் தேடிச் சபைக் கேட்டை நோக்கிப் போனான். அவள் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நம்ம புள்ளைய கொன்னவனுக்கும் மோட்சமா?" என்றான் அவன்.

"அப்டிதான் சொல்றாங்க."

"நீ நம்பறியா?"

அவள் பிடியை விடாமல் சொன்னாள்: "சாவு தோத்துப்போச்சுன்னு நம்புறேன்யா. அத நம்பினா இதையும் நம்பித்தான் ஆவணும் போல கீது. ஆனா என்னால முடில."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வேம்புலி கையை விடுவித்துக்கொள்ளாமல் அப்படியே நின்றான்.

அடுத்த ஞாயிறு அவள் போக மாட்டாள் என்றுதான் அவன் நினைத்தான். போனாள். தமிழரசு கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் பின்னாலிருந்து அவனுடைய கரகரத்த குரல் தனியாகக் கேட்டது. கன்னியம்மா வாயைத் திறக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.