பிடரிச் சோதனை

தனுஷ்கோடியிலிருந்து மன்னார்க் கரைக்கு வந்த கப்பலிலிருந்து அரிசி மூட்டைகள் இறங்கிக்கொண்டேயிருந்தன. உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டு அது. இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி மூன்றாமவன் பிடரியில் போடுவார்கள். அவன் முகம் நிலம் பார்க்க, இறங்குதுறைப் பலகைகளின் மேல் தண்டவாளத்தில் நின்ற கோச்சிப் பெட்டி வரைக்கும் ஓட வேண்டும். நடந்தால் கங்காணி சிங்கராசாவின் பிரம்பு கெண்டைக்காலைத் தேடி வரும்.

அம்புறோஸ் மீசை அரும்பிய நாளிலிருந்தே இங்கே மூட்டை சுமப்பவன். கொஞ்ச நாளாக அவனுடைய இடது தோளிலிருந்து பெருவிரல் வரை நெருப்புக் கம்பியைச் செருகி இழுத்ததுபோல நொந்தது. கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் மட்டும் சற்று ஆறும். அன்றும் ஒரு மூட்டையை இறக்கிவிட்டு அப்படித்தான் நின்றான்.

"ஆரடா செத்தது? தலையில கை வச்சுக்கொண்டு நிக்கிறாய்!" என்றான் சிங்கராசா.

"கை உளையுது கங்காணியார். இப்பிடி வச்சாத்தான் சுகம்."

"சுகமோ? கப்பல் காத்து நிக்குது, உனக்குச் சுகமோ?"

பிரம்பின் பித்தளைப் பூண் பிடரியில் இறங்கியது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. அடுத்த மூட்டையை அவன் பிடரியில் போட்டார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் இடது கை தானாக விட்டுவிட்டது. மூட்டை சரிந்து கிழிந்து, அரிசி பலகை இடுக்குகளால் கடலில் கொட்டியது.

சிங்கராசா அவனை உதைத்து விழுத்தி நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். "கை வேலை செய்யாதோ? இப்ப செய்யும் பார்!" வாயிலிருந்த சுருட்டை எடுத்து, அம்புறோஸின் இடது பெருவிரலில் அழுத்தினான்.

தோல் பொரிந்தது. அம்புறோஸ் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கையை இழுக்கவில்லை.

"திமிரைப் பாத்தியளோ!" என்று இன்னும் ஆழமாக அழுத்தினான் கங்காணி.

தாவூதுதான் ஓடி வந்தான். இருவரும் ஒரே குழுவில் மூட்டை சுமப்பவர்கள். "விடுங்கோ! அவனுக்குச் சூடு தெரியேல்ல, பாக்கேல்லையோ!" என்று கத்தியபடி நண்பனை இழுத்தெடுத்தான். அவன் முதுகிலும் கன்னத்திலும் பிரம்பு மாறி மாறி விழுந்தது. விழ விழ, அவன் இழுத்துக்கொண்டே போனான்.

அடுத்த கோச்சியில் மன்னார் ஆசுப்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்த டாக்குத்தர் பட்டாளத்து ஆசுப்பத்திரியில் வேலை பார்த்துத் திரும்பியவர்.

"சுடேக்க நோகேல்லையோ?"

"மணந்தான் தெரிஞ்சது, ஐயா."

கண்ணை மூடச் சொல்லி, விரல் விரலாகக் குண்டூசியால் குத்தினார். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் குத்தியது அம்புறோஸுக்குத் தெரியவே இல்லை. முழங்கை மடிப்பில் சின்னச் சுத்தியலால் தட்டினார். வலது கை துள்ளியது. இடது கை செத்த மீன்போலக் கிடந்தது. அதற்குள் அவனை அறியாமலே அந்தக் கை தலைமேல் போயிருந்தது.

"அப்பிடி வச்சால் நோ குறையுதோ?"

"ஓம் ஐயா. அதுக்குத்தான் அடி விழுந்தது."

டாக்குத்தர் அவன் தலையை இடப்பக்கம் சரித்துச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, உச்சியில் மெல்ல அமர்த்தினார். பிடரியிலிருந்து விரல் நுனிவரை இடி இறங்கியதுபோல அம்புறோஸ் அலறினான். உதறிய வலது கை பட்டுப் பீங்கான் தட்டம் சுவரில் மோதிச் சிதறியது. டாக்குத்தர் உடனே கையை எடுத்துவிட்டார்.

"கையில பிழை இல்லை. கழுத்தெலும்புக்கு இடையில நரம்பு நசியுது. இனிப் பிடரியில பாரம் ஏத்தாதையும். ஏத்தினால் கை சூம்பிப்போகும்."

"பாரம் ஏத்தாட்டி வயிறெல்லோ ஐயா சூம்பும்."

டாக்குத்தர் அந்தக் கிழமை முடியுமுன்பே இறங்குதுறைக்கு வந்தார். சரக்கிறக்கும் கொம்பனியின் துரைக்கு முன்னால் அம்புறோஸை இருத்தி, எல்லாவற்றையும் செய்து காட்டினார். அவன் திரும்பவும் அலறினான். துரையின் கந்தோர் அறை யன்னலுக்கு வெளியே சுமைகாரர் கூடி நின்றார்கள்.

"மெல்லமா அமர்த்தவேணும். கைக்கு நோ பாய்ஞ்சால் உடன விட்டிடவேணும்," என்று பக்கத்தில் நின்ற கங்காணிக்குத் தமிழிலும் சொன்னார். "இப்பிடியான ஆக்களை முந்தியே கண்டுபிடிச்சு, லேசான வேலைக்கு மாத்துங்கோ. கையைக் காப்பாத்தலாம்."

துரை கவனமாகக் கேட்டு, அவர் கையைக் குலுக்கினார். சிங்கராசா குனிந்து டாக்குத்தரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த கப்பல் வந்த காலையில், துறை வாசலில் சுமைகாரரை வரிசையில் நிறுத்தினார்கள். ஒவ்வொருவனாக முக்காலியில் இருத்தி, தலையைச் சரித்து, சிங்கராசா இரண்டு உள்ளங்கையாலும் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினான். மூன்றாவது ஆள் வீரிட்டுக் கத்தி மண்ணில் விழுந்தான். அவனைக் காலால் உருட்டி வாசலுக்கு வெளியே தள்ளினார்கள்.

"நொண்டி மாடு கொம்பனிக்கு வேண்டாம்! துரையின்ர கட்டளை," என்றான் சிங்கராசா.

"லேசான வேலை எண்டு டாக்குத்தர் ஐயா சொன்னவரெல்லோ?" வெளியே நின்ற அம்புறோஸ் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். அவனை அமுக்கிப் பார்க்கவும் இல்லை. வாசலில் கண்டதுமே திருப்பிவிட்டார்கள்.

"கல்லறையில படு. அதுதான் லேசான வேலை," என்றான் காவல்காரன். அவனுடைய துவக்குப் பிடி கம்பியிலிருந்த விரல்களை இடித்தது.

அதற்குப் பிறகு முக்காலியில் இருந்தவர்கள் ஒருவரும் கத்தவில்லை.

தாவூதின் முறை வந்தது. கழுத்தெலும்பு நெறுக்கென்ற சத்தம் கம்பிக்கு வெளியேயும் கேட்டது. தாவூதின் இடது கை இடுப்புச் சாரத்தைக் கசக்கிப் பிடித்து, வெட்டி வெட்டி இழுத்தது. அம்புறோஸுக்கு அந்த இழுப்பு என்னவென்று தெரியும். தனக்கும் அந்த நோ இருக்கிறதென்று தாவூது இத்தனை நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நோகுதோ?" என்றான் சிங்கராசா.

தாவூது இல்லையென்று தலையசைத்தான்.

"வாயைத் திறந்து சொல்லடா! கைக்குப் பாயுதோ?"

தாவூது எதையோ விழுங்கினான்.

"இல்லை, கங்காணியார்," என்று சிரித்தான். நாக்கைக் கடித்த இரத்தத்தில் பல்லெல்லாம் சிவந்திருந்தது. பிறகு எழுந்து கப்பலடிக்குப் போய், குனிந்து, பிடரியைக் காட்டினான். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கிப் போட்டார்கள்.