வீட்டில் பாடாதவர்

“நிறுத்துடி அதை…”

“நிறுத்த மாட்டேன். அப்பாவுக்குப் பிடிச்ச…”

“பிடிச்சிருந்தா அவரே எழுந்து உக்காந்து கேக்கட்டும். நிறுத்துன்னா நிறுத்து!”

அம்மா சமையலறையை விட்டு நகரவில்லை. கழுவிய டம்ளர்களையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். முன்னறையில் அப்பா கிடந்தார். விடியற்காலைத் தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார். அவர் தலைமாட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கர். உன்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்குவேன் என்று எவனோ எவளிடமோ அதில் உருகிக்கொண்டிருந்தான்.

“வண்டி வந்துரும்மா. ஒரு தடவை அவர் பக்கத்துல வந்து உக்காரு. இப்ப விட்டா அப்புறம் நீதான் வருத்தப்படுவே.”

“உள்ளங்கையில வச்சுத் தாங்குறாராம்! யாரையாம்? ஊர்ல இருக்கற லிஃப்டுக்கெல்லாம் பாடினாரு. அவர் லிஃப்ட் ரிப்பேர் பண்ற அடுக்குமாடியில இருக்கற டீச்சரம்மா கடையில என்னைப் பிடிச்சு நிறுத்தி, ‘கொடுத்து வச்சவங்க நீங்க, வீட்டுல தினம் கச்சேரிதான்’ங்கறா. நான் என்னத்தைச் சொல்றது? பல்லைக் காட்டிட்டு வந்தேன். இந்த வீட்டுல ஒரு வரி பாடியிருப்பாரா? போய்க் கேளு அவரை.”

லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வீடு திரும்பும் அப்பா கிரீஸ் போகக் கை கழுவுவார், சாப்பிடுவார், செய்தித்தாளை விரிப்பார். “உம்” என்பதே அவருக்கு நீளமான பேச்சு.

தண்ணீர் கேட்டுப் பின்வாசலில் வந்து நின்றிருந்தார் மோட்டார் மாமா. அப்பாவோடு வேலை பார்த்தவர். எப்போதும் உச்சி மாடியில் லிஃப்ட் மோட்டார் பக்கத்திலேயே நிற்பதால் வந்த பெயர்.

“அண்ணி, அது லிஃப்டுக்குப் பாடினதில்ல. எனக்குப் பாடினது.”

“உங்களுக்கா?” அம்மா திரும்பினாள். “ரொம்ப நல்லாருக்கு!”

“அண்ணன் அடியில, லிஃப்ட் குழிக்குள்ள. நான் உச்சியில. அங்க போன் எடுக்காது. பாட்டு கேட்டுட்டே இருந்தா ஆள் உள்ள இருக்காருன்னு அர்த்தம், லிஃப்டை ஓட்டற சுவிட்ச் பக்கமே என் கை போகாது. சட்டுனு நின்னா இறங்கி ஓடணும். ஒரு தடவை மனுஷன் தும்மினதுக்கு எட்டு மாடி ஓடினேன்.”

மகள் சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா சிரிக்கவில்லை.

“அதுக்கு லவ் பாட்டுதான் கிடைச்சுதா? சாமி பாட்டு ஒண்ணு கூடவா தெரியாது?”

“நானும் அதைத்தான் கேட்டேன் அண்ணி. ‘சாமி பாட்டு பாடினா போய்ச் சேர்ந்துடலாம்னு தோணுதுடா. இதைப் பாடினாத்தான் வீட்டுக்குப் போகணும்னு தோணுது’ன்னாரு.”

அம்மாவின் கையிலிருந்த டம்ளர் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

“அப்ப வீட்டுல?” குரல் இறங்கியிருந்தது.

“அதையும் கேட்டுட்டேன். ‘வீட்டுல எதுக்குடா? அதான் வந்துட்டேனே’ன்னாரு.”

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம். ஆட்கள் இறங்கும் பேச்சுக்குரல். மாமா தண்ணீரை மறந்துவிட்டு முன்பக்கம் நடந்தார். “கொஞ்சம் பொறுங்கப்பா, ஒண்ணும் அவசரமில்லை” என்று அவர் சொல்வது கேட்டது.

அம்மா குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு மகளைத் தாண்டி முன்னறைக்குப் போனாள். ஸ்பீக்கரைத் தானே அணைத்தாள். மகள் தடுக்கவில்லை. அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய மடங்கிய காலரை நிமிர்த்திவிட்டாள். திறந்த ஜன்னல் வழியே வந்த வெயில் இரண்டு பேர் மேலும் விழுந்தது. அவள் அவர் காதருகே குனிந்தாள்.

“முதல் வரியை நீங்க எடுங்க. அடுத்தது எனக்குத் தெரியும்.”