கீழே இறங்காத பந்து

தொப்பிக்காரர் மேலாளராக இருந்த கடைசி ஆட்டத்தில் உதைக்கப்பட்ட பெனால்டிப் பந்து இன்னும் கீழே இறங்கவில்லை. கோல் கோட்டுக்கு ஓரடி முன்னால், குறுக்குக் கம்பத்தின் உயரத்தில், மெதுவாகச் சுழன்றபடி அது நிற்கிறது. கிழக்கு கேலரியில் உட்கார்ந்து பார்த்தால் பந்து கம்பத்துக்குக் கீழே இருக்கும். மேற்கு கேலரியிலிருந்து பார்த்தால் மேலே இருக்கும். நில அளவையாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் இரண்டு பக்கமும் நின்று அளந்து, இரண்டும் சரிதான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். பந்து ஓய்ந்தால்தான் உதை முடிந்ததாக அர்த்தம், சுழல்கிற பந்து ஓய்ந்த பந்து ஆகாது என்று நடுவர் அன்றைக்கே சொல்லி, கடைசி விசிலை ஊதாமலே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கோப்பையை யாருக்கும் கொடுக்க முடியாமல் அலமாரியில் பூட்டி வைத்தார்கள். அதன் பிறகு எத்தனையோ ஆட்டங்கள் அதே கோலில் வேறு பந்துகளை வைத்து நடந்துவிட்டன. உயரமான கோல்கீப்பர்கள் எம்பும்போது தலை இடிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். புறாக்கள் பந்தின் மேல் உட்கார்ந்து பார்த்தன. சுழற்சி ஒத்துக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டன.

ஊரில் பந்து ஒரு பிரச்சினையே இல்லை. தொப்பிக்காரர்தான் பிரச்சினை. மூன்றாம் தரத்தில் முடங்கிக் கிடந்த கிளப்பை இறுதி ஆட்டம் வரை கைப்பிடித்துக் கூட்டி வந்தவர் அவர் என்பது கிழக்கு கேலரியின் கட்சி. ஆயுளில் ஒரு கோல்கூடப் போடாத இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனைக் கடைசிப் பெனால்டிக்கு அனுப்ப வேறு யாருக்குத் தோன்றும், எதிரணிக் கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாய்வது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டானே என்று கேட்பார்கள். மேற்கு கேலரிக்கு அதே பெனால்டிதான் குற்றப்பத்திரிகை. நல்ல ஆட்டக்காரர்களை விரட்டினார், யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை, கடைசியில் திமிர் தலைக்கேறி யாரோ ஒருவனிடம் கோப்பையைக் கொடுத்து வானத்தில் தொங்கவிட்டார் என்பார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் எந்த கேலரி என்று விசாரித்த பிறகே காபியைக் கையில் வாங்கினார்கள்.

அந்த யாரோ ஒருவன் இப்போது கடைத்தெருவில் டெய்லர். இடக்கால் என்றால்தான் ஊருக்குத் தெரியும். தையல் மெஷினையும் இடது காலாலேயே மிதிப்பான். அளவு கொடுக்க வருகிறவர்கள் கையை அகல விரித்துக்கொண்டே தொப்பிக்காரரின் தலையை உருட்டுவார்கள். இவன் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு அளவைக் குறித்துக்கொள்வான். அவனுடைய மனைவியின் அண்ணன் கண்ணாடிக் கடைக்காரர், மேற்கு கேலரியின் பெருந்தலை. பந்து கம்பத்துக்குக் கீழே தெரிகிறது என்று யார் சொன்னாலும் உட்கார வைத்துக் கண்ணைப் பரிசோதித்துவிடுவார். அந்த வகையில் வியாபாரமும் மோசமில்லை. பெனால்டிக்கு மறுவாரமே தங்கை வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். தெருவில் எதிரே வந்தால் மாப்பிள்ளையைப் பார்க்காமல் அவன் போட்டிருக்கும் கண்ணாடியைப் பார்ப்பார். டெய்லர் வீட்டில் பந்து என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை.

ஆனால் டெய்லரை அரித்துக்கொண்டிருந்தது பந்து அல்ல. தொப்பிக்காரருக்குக் குரல் கிடையாது. கேலரிகளின் இரைச்சலில் அவர் கத்துவது பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. அதனால் தொப்பியால் பேசினார். திருப்பிப் போட்டால் முன்னேறு. நெஞ்சில் வைத்தால் பின்வாங்கு. கழற்றித் தூக்கினால் உதையை இடக்கால் எடுக்கட்டும். மறுபடி தலையில் வைத்தால், இருக்கிறபடியே ஆடு. மூலை உதைகளுக்காக அந்த மூன்றாவது சைகையை எத்தனையோ முறை அவன் பார்த்திருக்கிறான், பெனால்டிக்கு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்று அவர் தொப்பியைக் கழற்றினார், கை மேலே போனது, இவன் பந்தை நோக்கி நடந்தான். நடந்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. அன்றைக்கு நல்ல வெயில். அவர் நெற்றி வேர்வையைத் துடைக்கத் தொப்பியைக் கழற்றியிருந்தால்? மேதையா திமிரா என்று ஊரே அடித்துக்கொள்கிற அந்த முடிவை அவர் எடுக்கவே இல்லையென்றால்? கேட்கலாமென்றால் ஆள் இல்லை. யாராவது பெனால்டி உதைக்கும்போது முதுகைக் காட்டி நிற்பது தொப்பிக்காரரின் வழக்கம். அன்றும் அப்படியே நின்றவர், திரும்பிப் பார்க்காமல் வெளியே போய், வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

கோலுக்குப் பின்னால் புது கேலரி கட்டி அதற்கு அவர் பெயரை வைக்கலாமா என்று ரசிகர்களிடம் வாக்கெடுக்க கிளப் முடிவு செய்தது. இரண்டு கேலரியும் முதன்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: கூட்டத்தில் இடக்கால் எழுந்து, அவர் ஏன் தன்னை அனுப்பினார் என்று சொல்ல வேண்டும். தெரியாது என்று சொன்னால் மழுப்புகிறான் என்பார்கள். வேர்வை என்று சொன்னால், அவன் செத்த பிறகும் ஊர் சிரிக்கும்.

கூட்டத்தன்று காலையில் ஒரு கிழவர் கடைக்குள் வந்து, கோட்டில் பட்டன் அறுந்துவிட்டது என்று நீட்டினார். டெய்லர் கோட்டை வாங்கியபின்தான் அவர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தான். கேலரிக்குத் தன் பெயரை வைக்கப் போவதாக யாரோ போனில் சொன்னார்களாம், கூட்டத்துக்கு வந்தாராம். வரும் வழியில் மனம் மாறிவிட்டதாம். நான் போய் உட்கார்ந்தால் எவனும் மனசில் இருப்பதைப் பேச மாட்டான், பட்டனைத் தைத்துக்கொண்டு மாலை பஸ்ஸுக்குத் திரும்பிவிடுகிறேன் என்றார். டெய்லரின் மனைவி நாற்காலி போட்டு, டீ கொடுத்து, உலக விஷயங்களையெல்லாம் பேசினாள். வீட்டு வழக்கப்படி ஒன்றைத் தவிர. டெய்லர் பட்டனைத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தான். பிறகு ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டான்.

"சார், அன்னைக்குத் தொப்பியைக் கழட்டினீங்களே. அது என்னைக் கூப்பிட்டதா, வேர்வையைத் துடைச்சதா?"

கிழவர் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேர்வைதாம்பா. ஆனா துடைச்சிட்டு நிமிர்ந்தா, நீ பந்தைப் பார்த்து நடந்து போய்க்கிட்டு இருக்க. தொப்பியைத் தலையில வெச்சிருந்தா நீ நின்னிருப்ப. நான் வைக்கல."

"ஏன் சார்?"

"மத்தவங்க எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாங்க. நீ ஒருத்தன்தான் நடந்த."

இத்தனை வருஷமாக அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ அது இறங்கிப் போனது. டெய்லர் அழுதான். மனைவி கடையின் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

கூட்டத்தில் அவன் எழுந்தான். தொப்பிக்காரர் என்னைக் கூப்பிடவில்லை, அவர் வேர்வையைத் துடைத்தார், நானாகத் தப்பாகப் புரிந்துகொண்டு போனேன், அவர் பார்த்தார், தடுக்கவில்லை என்று உள்ளது உள்ளபடி சொல்லி உட்கார்ந்தான். யாரும் சிரிக்கவில்லை. ஊர் அடித்துக்கொண்ட கேள்வியே காணாமல் போய்விட்டது. பிறகு பின்வரிசையில் ஒருவர், தடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதானா என்று ஆரம்பித்தார். அதற்கு இரண்டு கட்சி உண்டாயிற்று. ஆனால் இம்முறை கிழக்கிலிருந்து சிலர் அந்தப் பக்கமும் மேற்கிலிருந்து சிலர் இந்தப் பக்கமுமாகக் கலந்துவிட்டார்கள். வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலிகளைத் தாண்டி டெய்லரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவன் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"மாப்ள, யாரும் சொல்லாமலா போனீங்க? இது தெரிஞ்சிருந்தா நான் உங்க மேல கோபப்பட்டிருக்கவே மாட்டேனே."

எப்படி என்று டெய்லருக்குப் புரியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்க மச்சான் என்று சொன்னான், அவரும் சரி என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு மைதானத்தின் வழியாகத்தான் குறுக்கு வழி. கூட்டம் முடிந்ததும் டெய்லர், கடையில் காத்திருந்த கிழவரின் பையைத் தூக்கிக்கொண்டான். அவர் கால் போன போக்கில் நடந்து, எல்லைக்கோட்டருகே தன் பழைய இடத்தில் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் கோல் கம்பம் பந்தைச் சரியாக மறைத்துவிடும் என்பதை டெய்லர் அன்றுதான் கவனித்தான்.

"நான் திரும்பி நின்னுக்கிட்டு இருந்தேன்," என்றார் கிழவர். "கைதட்டலும் வரல, ஐயோங்கிற சத்தமும் வரல. வெளிய போயிருக்கும்னு நினைச்சுக் கிளம்பிட்டேன். அப்புறம் யார்கிட்டயும் கேட்கல, கேட்கத் தைரியம் இல்ல. உள்ள போச்சா?"

டெய்லர் கம்பத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தான். மாலை வெளிச்சத்தில் பந்து நிதானமாகச் சுழன்றுகொண்டிருந்தது.

"இன்னும் இல்லீங்க சார்."

கிழவர் தலையாட்டினார். இதைவிட நியாயமான பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை என்பதுபோல இருந்தது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் சரிசெய்துகொண்டார். இருக்கிறபடியே ஆடு என்று அதற்குப் பொருள். மேற்கு வெயிலில் கண் கூசியதற்காகவும் வைத்திருக்கலாம். டெய்லர் இந்த முறை கேட்கவில்லை. பஸ் வந்ததும் பையை ஏற்றிவிட்டு, கடையைத் திறக்கப் போனான்.