கெட்டில் தவளை

என் கணவர் சிரிக்கும் சத்தத்தைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் நான் கேட்டேன்.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகளுடைய அறையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக அடங்கி அடங்கி வந்து, கடைசியில் அடக்க முடியாமல் வாயால் உடைந்துவிட்ட சிரிப்பு. யாரோ வந்திருக்கிறார்கள் என்று கரண்டியோடு போய் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்த ஹவில்தார் தங்கப்பாண்டியன், மகளின் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு தவளை டீ கெட்டிலுக்குள் உட்கார்ந்து ஓடையில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதன் தலையில் ஓர் ஓலைத் தொப்பி.

என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"உப்பு பாக்கணுமா?" என்றார்.

"இல்ல. சத்தம் கேட்டுச்சு."

"ஒண்ணுமில்ல. பாப்பா போட்டு வச்சிட்டுப் போயிருக்கா. சும்மா."

நான் திரும்பி வந்து குழம்பைக் கிளறினேன். ஆள் நுழைந்ததும் விளக்கை அணைப்பது போல அவர் சிரிப்பை அணைத்ததுதான் என்னை அறுத்துக்கொண்டிருந்தது.

கல்யாணமாகி இருபது வருஷம். வருஷத்துக்கு இரண்டு மாத லீவு. சேர்த்துப் பார்த்தால் நாங்கள் ஒன்றாக இருந்தது மூன்றரை வருஷம் தேறாது. லீவில் வருகிற கணவரை எனக்குத் தெரியும். கறி வாங்கிவருவார், ஊரில் எல்லா விசேஷத்துக்கும் தலையைக் காட்டுவார், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். நாளைக்கும் இருக்கிற கணவரை எனக்குத் தெரியாது. மாசி மாதம் அவர் ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்தார். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. மம்சாபுரத்திலிருந்து பெண்களை ஏற்றிப் போய் இறக்கி, திரும்பக் கொண்டுவந்து விடுவார். மகள் யுவராணி கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாப்பாடு ஆச்சா, மோட்டர் போட்டாச்சா, கதவைச் சாத்தியாச்சா. எங்கள் பேச்சு அதற்கு மேல் வளரவில்லை. அவர் சிரிக்காத மனிதர் என்று நானும் எனக்குச் சொல்லி வைத்திருந்தேன். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாமல் போயிற்று.

அதன்பின் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, அவர் விளையாட உட்காரும் நேரத்தில், அந்த அறையைப் பெருக்கப் போக எனக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது.

விளையாட்டு பெரிதாக ஒன்றுமில்லை. கெட்டில் தானாகவே மிதந்து போகும். கரை மரங்களிலிருந்து ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். மாம்பழம், குடை, அலாரம் கடிகாரம், ஒற்றைச் செருப்பு. சில நேரம் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பூனை. மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினால் தவளை தொப்பியைக் கழற்றி ஏந்திப் பிடிக்கும். தவறவிட்டால் தண்ணீரில் 'புளுக்' என்று விழும். உடனே அடியிலிருந்து ஒரு குண்டு மீன் வந்து, தும்மிக்கொண்டே அதை மேலே தட்டிவிடும். மறுபடியும் பிடிக்கலாம். மறுபடியும் தவறவிட்டால், மறுபடியும் மீன். தோற்றுப்போய்விட்டாய் என்று அது யாரிடமும் சொல்வதில்லை.

நடுநடுவே ஒரு பசு வந்து ஓடையின் குறுக்கே நிற்கும். அது போகும்வரை கெட்டிலும் நிற்கும். ஒன்றும் செய்ய முடியாது. அந்த நேரத்தில் அவர் மவுஸை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பசுவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு முறை அவருடைய வேனில் மம்சாபுரம் வரை போயிருக்கிறேன். தாடை இறுகி, கண் கண்ணாடிக்கும் ரோட்டுக்குமாக அலைந்தபடி, ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்ததற்கு ஹாரனை அமுக்கின அமுக்கில் பின்னால் இருந்த இருபது பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆள்தானா இது என்று பார்ப்பேன். கெட்டிலுக்கு ஸ்டியரிங் கிடையாது. பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவும் இல்லை.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்தும் பொறாமையாக இருந்தது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் எனக்கு வேண்டும். அதை வாய்விட்டுக் கேட்க முடியாது. நாற்பது வயதில் ஒரு பெண் தன் கணவனிடம் போய், தவளையிடம் சிரிப்பதைப் போல என்னிடமும் சிரியுங்கள் என்று எப்படிச் சொல்வாள்?

ராஜபாளையத்தில் நான் பேண்டேஜ் துணி செக்கிங்கில் இருக்கிறேன். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். நூல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, எது கண்ணில் பட்டாலும் நிறுத்தி, குறி போட்டு, வெட்டித் தள்ள வேண்டும். பக்கத்து மேசை ஜாஸ்மினிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஏட்டி முனீஸ்வரி, ஒனக்குச் சக்களத்தி ஒரு தவளையா? அதுவும் தொப்பி போட்ட தவளை!"

"மெதுவாப் பேசுட்டி."

"எங்க வீட்டுக்காரரு போனை நோண்டுதாரு. ஒங்க வீட்டுக்காரவிய தவளையத்தான் பாக்காவ. நீ எம்புட்டோ குடுத்து வச்சவ." கொஞ்ச நேரம் துணியைப் பார்த்துவிட்டு, "பேசாம நீயும் ஒரு தொப்பி வாங்கி மாட்டிக்க" என்றாள்.

இரண்டு மேசை தள்ளி இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு என் ரோலில் ஒரு எண்ணெய்க் கறை தப்பிப் போய் சூப்பர்வைசர் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆயுத பூஜை வந்தது. காலையில் மில்லில் வேனுக்கு வாழைக்கன்று கட்டி, பூஜை முடித்து, பொரி கடலையோடு அவர் வந்துவிட்டார். வீட்டில் நான் பலகை போட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். என் கத்தரிக்கோல், அரிவாள்மனை, அவருடைய ஸ்பேனர் செட். கடைசியாக, யுவராணியின் மேசையோடு சேர்த்துக் கம்ப்யூட்டருக்கும் மாலை போட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. இந்த விஷயத்தில் அவர் அணுவளவும் மாறமாட்டார். எனக்கு ஒரு நாள் கிடைக்கும். அதற்காகத்தான் வைத்தேன். சாமிக்கும் அது தெரிந்திருக்கும்.

"இது எதுக்கு?" என்றார்.

"பாப்பா படிச்சதுல்லா. அதுவும் ஆயுதந்தான்."

அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தேன். திரைக்கு, விசைப்பலகைக்கு, பெட்டிக்கு. மவுஸின் முதுகில் வைத்தால் அவர் கையில் ஒட்டுமே என்று திருப்பினேன். அடியில் நெற்றி மாதிரி சின்னதாக ஒரு கண்ணாடி வட்டம் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருந்தது. அதில் வைத்தேன்.

சாயங்காலம் சுழியம் சுட்டு, இரண்டு தட்டில் போட்டு, டி.வி.யை அணைத்துவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். எத்தனையோ நாளாக நினைத்துவைத்திருந்த மாலை.

"நல்லாருக்கு" என்றார்.

"இன்னொண்ணு வைக்கவா?"

"போதும்."

அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். "வேன்ல பின் டயர் மாத்தணும்" என்றார். "ம்" என்றேன். நானாக ஏதாவது தொடங்கலாம் என்று தோன்றியது.

"அங்க இருந்தப்போ எப்படி இருக்கும்?"

"எங்க?"

"பட்டாளத்துல. மலையில."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "குளிரும்" என்றார்.

அவ்வளவுதான். எங்களுக்கு நடுவே தவளை இல்லை, டி.வி. இல்லை, மகள் இல்லை. எதுவுமே இல்லாதபோது எங்களிடம் எதுவுமே இல்லை என்பதுதான் தெரிந்தது. குறை சொல்லக்கூட ஒன்று கிடைக்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் வலது கை கண்ணில் பட்டது. தொடை மேல் கவிழ்ந்திருந்த உள்ளங்கை, ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் அந்தப் பக்கம், நகர்ந்துகொண்டிருந்தது. அவருக்கே தெரியாமல் எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். முகம் மட்டும் என்னைப் பார்த்து, உத்தரவுக்குக் கட்டுப்பட்டது போல இருந்தது.

மறுநாள் காலை குளித்து, மறுபடி சூடம் காட்டி, பூஜையைக் கலைத்தேன். அவர் அறைக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார்.

"மவுஸ் போச்சு போல. அசைய மாட்டேங்கு."

"அய்யோ."

"போகட்டும். நல்லதாத்தான் போச்சு. நாப்பத்திமூணு வயசுல தவளை கூட என்ன சோலி." பேப்பரை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். புதிது வாங்கலாம், யாரிடமாவது காட்டலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒன்று பறிபோனால் அடுத்ததற்குத் தயாராகிவிடும் பழக்கம். எத்தனை பண்டிகை, எத்தனை லீவு இப்படி 'போகட்டும்' ஆகியிருக்கும் என்று நினைத்தேன். யுவராணி பிறந்தபோதுகூட அவர் போனில் அதைத்தான் சொன்னார். லீவு கிடைக்கல, போகட்டும், பிள்ளை நல்லாருக்கால்லா. அவர் அதைக் கஷ்டப்பட்டுச் சொல்கிறார் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

நான் போய் மவுஸைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி வட்டத்தில் சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. நடுவில் என் குங்குமம். கையெட்டும் தூரத்திலிருந்து முடி பருமன் கறையைக் கண்டுபிடிக்கிறவள் நான்.

அப்படியே வைத்துவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. அவரே போகட்டும் என்றுவிட்டார். நான் கேட்டது நடந்துவிட்டது. அவர் என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் நேற்றுச் சாயங்காலத்து மனிதர். எனக்கு வேண்டியவர் இந்த அறைக்குள்தான் இருந்தார். அவர் மறுபடியும் வராமலே போய்விடுவாரோ என்று பயந்தேன். அவர் சிரிப்பு எனக்குக் கிடைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை, வீட்டுக்குள் எங்காவது அது இருக்கட்டும் என்று தோன்றியது.

பையில் கிடந்த துண்டு பேண்டேஜ் துணியை நனைத்துத் துடைத்தேன். இரண்டு தடவை. திரையில் அம்பு அசைந்தது.

"இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். "ஓடுது."

வந்து நின்றவரிடம் துணியைக் காட்டினேன். மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. அவர் துணியைப் பார்த்தார், மவுஸின் அடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, கண்ணுலயா பொட்டு வச்ச?"

"நெத்தின்னு நெனச்சேன்."

மூக்கு வழியாக வந்தது முதலில். அடக்கிப் பார்த்தார். பிறகு உடைந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க ஆபீசர் வண்டிக்கே ஒருத்தன் கண்ணாடி பூராச் சந்தனம் அப்பி வச்சான். ரோடு தெரியாம மரத்துல போயி..." முடிக்க முடியவில்லை. அது எந்த ஊர், எந்த வருஷம் என்று எனக்குத் தெரியாது. பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

"வேணும்னுதான் பூஜையில வச்சேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. "நீங்க இதுல உக்காரக் கூடாதுன்னு."

"தெரியும். அரிவாளு ஆயுதம், சரி. தவளை எப்படி ஆயுதமாகும்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் தயங்கி, சாப்பாட்டறையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து போட்டார். "உக்காரு. அம்பு போட்ட பட்டன் ரெண்டு இருக்குல்லா, அதுல விரலை வை. மீனு ஒன்னோடது."

"மீனையும் ஆள் ஓட்டலாமா?"

"ஆள் இல்லைன்னா அதுவா ஓடும். ரெண்டு பேரு ஆடுறதுதான். பாப்பா போகும்போதே சொன்னா, அம்மாவையும் கூப்பிட்டுக்கோங்கன்னு."

"பொறவு ஏன் கூப்பிடல?"

அவர் திரையைப் பார்த்தபடி சொன்னார்: "நீ நாள் பூரா தப்புக் கண்டுபிடிக்கிறவ. என்னையப் பாத்துச் சிரிச்சிருவியோன்னு நெனச்சேன்."

கெட்டில் மிதக்கத் தொடங்கியது. மாம்பழம் விழுந்தது, அவர் பிடித்தார். குடை விழுந்தது, தவறவிட்டார். "அமுக்கு, அமுக்குட்டி" என்றார். நான் தப்பான பக்கம் அமுக்கினேன். மீன் கரையில் போய் முட்டித் தும்மியது. குடை நிதானமாக மூழ்கி, கொஞ்ச நேரத்தில் தானாகவே மேலே வந்தது. என்னைப் போன்றவர்களுக்காகவும் யோசித்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள்.

ஒற்றைச் செருப்பை நான் தட்டி அவர் தொப்பியில் போட்டபோது, நாற்காலியில் துள்ளிவிட்டேன். எதற்கு என்று தெரியவில்லை. செருப்புதான்.

அப்போது பசு வந்தது. ஓடையின் குறுக்கே நின்று அசைபோட ஆரம்பித்தது. நான் அவசரமாக இரண்டு பட்டனையும் மாற்றி மாற்றி அமுக்கினேன்.

"சும்மா இரு" என்றார். "அதுவாப் போகும்."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவரும் அப்படித்தான் வைத்திருந்தார். நேற்றைக்கு மாதிரியே எங்களிடம் பேச ஒன்றுமில்லை. பசு வாலை ஒருமுறை வீசியது. போவதாகத் தெரியவில்லை. போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று இருந்தது.