வக்கீலம்மாவின் தாகம்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அம்மாவின் உதட்டில் வைத்தாள் மகள். அம்மா லபக்கென்று அதைப் பல்லால் கவ்விக்கொண்டாள்.

"விடும்மா. தொண்டைக்குள்ள போயிடப் போகுது."

அம்மா பஞ்சைத் துப்பினாள். "ஒரு டம்ளர் குடுடி."

இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டாயிற்று. இனி டயாலிசிஸ் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் உள்ளே போனால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும், பஞ்சோடு நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னதை அண்ணன் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். தண்ணீர்க் கூஜாவைக்கூட அறையிலிருந்து எடுத்துப் போய்விட்டான்.

அந்த ஊர்க் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்ட முதல் பெண் அம்மாதான். முணுமுணுத்துக்கொண்டே ஒரு நாற்காலி போட்டார்கள். வழக்குகளும் வந்தன. பெண்களுக்கு ஒரு கழிப்பறை மட்டும் பல வருஷம் வரவில்லை. மனு மேல் மனு போட்டு அதை வாங்கும்வரை, காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்புகிறவரை அம்மாவுக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அந்தக் காலத்திலேயே சிறுநீரில் அடிக்கடி தொற்று வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளும் போய் நின்றாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பாத்ரூமுக்கு ஓடுவாள். அப்புறம் செம்பைத் தூக்கி, நின்றபடியே மடமடவென்று குடிப்பாள். தூக்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் சின்ன மகளுக்கு அந்தச் செம்பின் மேல் அப்படி ஒரு ஆத்திரம். ஆனால் மகளை ஒருதரம் தூக்கிவிட்டால் அவள் தூங்குகிறவரை இறக்க மாட்டாள். இடுப்பில் பிள்ளையோடுதான் மறுநாள் கேஸைப் படிப்பாள்.

அன்று காலை வக்கீல் சங்கச் செயலாளர் சால்வையோடு படுக்கையருகே வந்திருந்தார்.

"புதுக் கட்டடத்துல ஒரு ரூமுக்கு உங்க பேர வைக்கிறோம்மா. லைப்ரரிக்கா, மீட்டிங் ஹாலுக்கான்னுதான் பேசிட்டிருக்கோம்."

"லேடீஸ் கக்கூஸுக்கு வை."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் அண்ணனைப் பார்த்தார். அம்மா விளையாடவில்லை என்று மகளுக்குத் தெரியும்.

இப்போது அண்ணன் டாக்டரைக் கூட்டிவரப் போயிருந்தான்.

"அண்ணன் திட்டுவான்ம்மா."

"அவன் என்ன ஜட்ஜா?"

"மூச்சு முட்டும். செத்துப்போயிடுவம்மா."

"குடிக்கலேன்னா இருந்துடுவேனா? சொல்லு."

மகள் முழித்தாள். அம்மாவின் குறுக்கு விசாரணையில் மாட்டிய சாட்சிகளும் இப்படித்தான் முழிப்பார்கள்.

"இனிமே எந்தக் கோர்ட்டுக்குடி போகப்போறேன்? யாருக்காக அடக்கணும்?"

மகள் எழுந்து சமையலறைக்குப் போனாள். டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து வந்து, அம்மாவின் தலையைத் தூக்கித் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். மோவாய் வழியே வழிந்து கழுத்தெல்லாம் நனைய, அம்மா மடமடவென்று குடித்து முடித்தாள்.

"அப்பாடா."

கொஞ்ச நேரத்தில் மூச்சு கரகரக்கத் தொடங்கியது. மகள் அம்மாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். தன் கையாலேயே கொடுத்துவிட்டோமே என்று நினைத்தாள். அண்ணனும் டாக்டரும் வந்தபோது எல்லாம் அடங்கிவிட்டிருந்தது.

டாக்டர் நாடியைப் பார்த்துக் கையை மெல்லக் கீழே வைத்தார்.

"தண்ணி ஏதாவது குடுத்தீங்களா?"

கட்டிலருகே காலி டம்ளர் இருந்தது. அண்ணன் அதைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான்.

"பஞ்சுல நனைச்சு வச்சதுதான் டாக்டர்."

டாக்டர் வெளியே போனதும் அவன் குனிந்து, அம்மாவின் ஈர மோவாயைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டான்.