கரும்பலகையில் பார்ம்

சனிக்கிழமை காலை கிளப்புக்குள் நுழைந்தபோது சமையலறைக் கரும்பலகையில் 'பேக்கன் பார்ம்' என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரான இல்கெஸ்டனில், பன்றி இறைச்சி வைத்துத் தரும் அந்த வட்ட ரொட்டிக்குப் பெயர் காப். என் அப்பா சுரங்கத்துக்குக் கட்டிக்கொண்டு போனது காப். என் மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவர்களுக்குக் கொடுத்ததும் காப்தான். பார்ம் என்பது மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்வது. அந்தப் பக்கத்து ஆட்களை நான் நம்புவதில்லை. இந்தப் பக்கத்து ஆட்களையும் அவ்வளவாக இல்லை.

எழுதியவள் கிளெனிஸ். மலைக்கு அந்தப் பக்கத்து விகன் ஊர்க்காரி. புருஷன் போனபிறகு இங்கே மகன் வீட்டுச் சின்ன அறைக்கு வந்து சேர்ந்தவள். புல்வெளியில் பந்து உருட்டும் எங்கள் கிளப்பின் சமையலறையை நடத்த அவளைத் தவிர யாரும் முன்வரவில்லை. கிளப் நிர்வாகிகள் இன்று ஒருநாள் பார்ப்பார்கள். விற்காவிட்டால் அடுப்பை மூடிவிடுவார்கள். அடுப்பில்லாத கிளப்புக்கு எந்த ஊர் அணியும் ஆட வராது. கிளப்பையே மூடினால் சனிக்கிழமை எனக்குப் பேச்சுத்துணை தொலைக்காட்சிதான்.

பேக்கன் வாசனை கூடம் முழுக்க நிறைந்திருந்தது. ஒருத்தனும் எழவில்லை. கிழவர்கள் எல்லோரும் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள்.

"காப்னு எழுதட்டும், வாங்குறேன்" என்றான் ஹொரேஸ், அவளுக்குக் கேட்கிற மாதிரி. அவன் வயிறு அதைவிடச் சத்தமாக உறுமியது.

நான் எழுந்து போனேன். "அதை அழிச்சிட்டு காப்னு எழுதும்மா. எல்லாரும் பசியோட உக்காந்திருக்கானுங்க."

"இது என்னன்னு தெரியாமலா உக்காந்திருக்காங்க?"

"தெரியும்."

"வீட்டை விட்டுட்டு வந்தேன். தோட்டத்தை விட்டுட்டு வந்தேன். இப்ப பேரையும் விடணுமா? நான் கேட்டேன்னு நீங்க எதையாவது விட்டீங்களா?"

அவள் பேக்கனைத் திருப்பினாள். ஓரங்கள் கருக ஆரம்பித்திருந்தன.

நான் லாரி ஓட்டியவன். கோவென்ட்ரியில் இதையே பேட்ச் என்று கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன். ஷெஃபீல்டில் பிரெட்கேக், நியூகாசிலில் ஸ்டாட்டி. எல்லாம் மாவும் தண்ணீரும்தான். அங்கே யாரும் எனக்காகப் பலகையை அழித்ததில்லை. அழிக்கச் சொல்ல எனக்கும் தோன்றியதில்லை.

"ஒரு பேக்கன் பார்ம்" என்றேன்.

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.

"துரோகி" என்றான் ஹொரேஸ். "அடுத்த வாரம் அவங்க ஊரு கால்பந்து சட்டையைப் போட்டுக்கிட்டு வருவான், பாருங்கடா."

கிளெனிஸ் அவன் பக்கம் திரும்பவில்லை. "சாஸ் சிவப்பா, பிரவுனா?"

"பிரவுன்."

ஹொரேஸுக்கு எதிரிலேயே உட்கார்ந்து தின்றேன். மேலே மாவு தூவி, உள்ளே பஞ்சு போல இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அதெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. கொழுப்பு மணிக்கட்டில் வழிந்தது, நக்கிக்கொண்டேன். நான் சன்னலைப் பார்த்த நேரத்தில் ஹொரேஸ் என் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். பார்க்காத மாதிரி இருந்தேன்.

முதலில் சிட்னி எழுந்தான். ரொட்டியின் பெயரைச் சொல்லவில்லை. என் தட்டைக் கைகாட்டி, "அவனுக்குக் குடுத்தது" என்றான். அடுத்தவன் "அதேதான்" என்றான். வரிசை கதவுவரை நீண்டது. கிளெனிஸ் ஒருத்தரையும் எதுவும் கேட்கவில்லை. அடுப்பில் மறுபடியும் பேக்கன் விழுந்து பொரிந்தது.

கடைசியாக ஹொரேஸ் போய் நின்று விரலை நீட்டினான்.

"காலையிலேர்ந்து உங்க குரல் ஒண்ணுதான் இங்க கேட்டுச்சு கண்ணு" என்றாள். "இப்ப என்ன ஆச்சு? வாயைத் திறந்து சொல்லுங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹொரேஸ் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை விட்டு, புல் மினுங்கியது. கிளெனிஸ் ஒரு ரொட்டியை இடுக்கியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஹொரேஸின் உதடுகள் மெல்ல ஒன்றோடொன்று ஒட்டின, பலகையிலிருந்த அந்தச் சொல்லைத் தொடங்கப்போகிறவனைப் போல. அவற்றின் மேல் வெள்ளையாக மாவு.